தறப்பாளா, வடிகாலா? மாரிக்கு முன் வன்னி வீட்டுத்தோட்டம்

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் ஐப்பசி நெருங்கும்போது தக்காளிச் செடிகளைப் பழைய படுக்கை விரிப்பால் மூடிப் படம் எடுத்து அனுப்புவார்கள். உறைபனி விழும் ஊருக்கு அதுதான் சரியான வழி. இரவில் நிலத்துச் சூடு மேலே போய்விடாமல் அந்த விரிப்பு பிடித்து வைத்திருக்கும். இலங்கையில் உறைபனி பார்க்க வேண்டுமென்றால் தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் போக வேண்டும். வன்னியில் அதே ஐப்பசியில் வருவது அடைமழை. ஆனாலும் இங்கேயும் பலர் முதலில் தேடுவது செடிக்கு மேலே விரிக்க ஒரு தறப்பாளைத்தான். அந்தக் காசையும் உழைப்பையும் நிலத்தில் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் மண். கிளிநொச்சி, வவுனியாவில் பெரும்பாலான வளவுகளில் இருப்பது செங்கபில மண். காய்ந்தால் மண்வெட்டி இறங்காது, நனைந்தால் காலை விடாது. தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். இலை நனைவதால் மட்டும் மிளகாய்ச் செடி செத்துப்போவதில்லை. வேரைச் சுற்றித் தண்ணீர் நின்று, மண்ணில் காற்று இல்லாமல் போகும்போதுதான் சாகிறது. மழைக்குப் பிறகு வாடி நிற்கும் செடியைப் பிடுங்கி வேரை விரலால் உருவிப் பாருங்கள்: கபில நிறத்துத் தோல் கையோடு வழுகி வரும், உள்ளே நூல்போல நார் மட்டும் மிஞ்சும். அதற்கு மேல் எத்தனை தறப்பாள் கட்டியும் பயனில்லை. பப்பாசி இன்னும் மோசம், இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே போய்விடும்.

உங்கள் வளவு எப்படி என்று அறிய ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வற்றியதும் இன்னொரு வாளி. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் மேட்டுப்பாத்தி இல்லாமல் மாரியைத் தாண்ட முடியாது. கரையோரச் செம்மண், மணல் நிலம் உள்ளவர்களுக்குத் தண்ணீர் தானாக வடிந்துவிடும், அவர்கள் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை.

பாத்தி ஒரு அடி உயரம், மூன்று அடி அகலம் இருந்தால் போதும். இரண்டு பாத்திக்கு நடுவே மண்வெட்டி அகலத்தில் வடிகால். அது சரிவை நோக்கி ஓடி வளவை விட்டு வெளியேற வேண்டும், ஆனால் கிணற்றடிக்கோ அடுத்த வீட்டு வளவுக்கோ போகக்கூடாது. வெள்ளத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கினால் கத்தரிக்காயைவிடப் பெரிய கவலை வந்துவிடும். பாத்தி கட்ட வசதி இல்லாதவர்கள் உரப்பையில் மண் நிரப்பி நடலாம். பையின் அடியில் துளை போட்டு, கல்லின் மேல் தூக்கி வைத்தால் சரி. வெள்ளம் வந்தால் விறாந்தைக்கு இழுத்துவிடலாம் என்பது பையின் பெரிய நன்மை. ஆனால் பத்துப் பைக்கு மேல் போனால் மண் சுமப்பதே வேலையாகிவிடும்.

அப்படியென்றால் கூரையே வேண்டாமா? நாற்றுமேடைக்குக் கட்டாயம் வேண்டும். கொட்டும் மழை பிஞ்சு நாற்றைச் சாய்த்து, சேறு தெறித்து, அடித்தண்டை அழுக வைக்கும். அதற்கும் தறப்பாளைவிடக் கிடுகே மேல். கிடுகு மழையை உடைத்துத்தான் இறக்கும், காற்றையும் போகவிடும். தறப்பாளில் தண்ணீர் தேங்கித் தொங்கும், கீழே புழுங்கும், காற்று வந்தால் கம்போடு பிடுங்கிக்கொண்டு போகும். 2020 டிசம்பரில் புரவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது போன்ற காற்றுக்கு எந்தப் பந்தலும் நிற்காது. ஒளி ஊடுருவும் பொலித்தீன் மூன்றிலும் நல்லதுதான். ஆனால் விலையைப் பார்த்தால், விற்பனைக்கு நாற்றுப் போடுகிறவர்களுக்கே கட்டும்.

அடுத்த கேள்வி, நிற்கும் காயை இப்போதே பறிப்பதா, விட்டுவைப்பதா? இதற்குப் பொதுவான பதில் கிடையாது. பழுத்த மிளகாயைப் புரட்டாதி வெயில் இருக்கும்போதே பறித்துக் காயவையுங்கள். மாரி தொடங்கிய பிறகு முற்றத்தில் செத்தல் காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். தக்காளியில் அடி வெளிறத் தொடங்கிய காய்களைப் பறித்து வைக்கோலில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் வீட்டுக்குள்ளேயே பழுக்கும். செடியில் விட்டால் வெடித்து அழுகும். சிறுபோகம் முழுக்கக் காய்த்த கத்தரியைப் பிடுங்க வேண்டாம், ஒரு அடி விட்டுக் கவ்வாத்துப் பண்ணினால் மறுபடி துளிர்க்கும். தக்காளியை அப்படி வைத்திருப்பதில் பொருளில்லை. நகம் இறங்காத அளவுக்குத் தோல் முற்றிய பூசணியை நாலு விரல் காம்போடு வெட்டிப் பலகையில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

மரவள்ளியில்தான் உண்மையான குழப்பம். பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிப் பழுதாகிவிடும். விட்டால், தாழ்ந்த இடத்தில் தண்ணீர் நின்று கிழங்கு அழுகும். மேட்டில் நிற்பதை விட்டுவிட்டு, பள்ளத்தில் நிற்பதை மட்டும் முன்கூட்டியே பிடுங்கிச் சீவிக் காயவைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரேயடியாக எல்லாவற்றையும் பிடுங்குகிறவர்கள் கார்த்திகையில் கிழங்குக்குச் சந்தைக்குப் போக வேண்டிவரும்.

வாழைக்கு முட்டுக்கொடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அடி இலைகளை வெட்டிவிடுங்கள், காற்றுப் பிடிக்கும் பரப்புக் குறையும். முக்கால் முற்றிய குலையை அன்றே வெட்டிவிடுவது நல்லது. முருங்கைக் கொப்பு சும்மாவே முறியும், கூரைப்பக்கம் சாய்ந்ததை முன்னமே தறித்துவிடுங்கள்.

இவை அத்தனைக்கும் நேரம் புரட்டாதிதான். ஐப்பசி பிறந்தால் காலபோக விதைப்பு தொடங்கிவிடும். வயல் உள்ள வீடுகளில் யாரும் கொல்லைப்பக்கம் திரும்பமாட்டார்கள், கூலிக்கும் ஆள் கிடைக்காது. எல்லாம் செய்ய நாள் போதாவிட்டால் பறிப்பைத் தள்ளிப்போடுங்கள், கூரையை விட்டுவிடுங்கள், வடிகாலை மட்டும் வெட்டி முடியுங்கள். காயை மழை இடைவெளியிலும் பறிக்கலாம். ஊறிய செங்கபில மண்ணில் வடிகால் வெட்டப் போனால் மண்வெட்டியில் அப்பும் சேற்றைத் தட்டுவதிலேயே பொழுது போய்விடும்.