அரெனிக் வவுர்: ஒரு நாள் ஒதுக்கி ஏற வேண்டிய வேல்ஸ் மலை

வேல்ஸின் மிக உயரமான மலையான ஸ்நோடன் உச்சியில் வரிசையில் நின்று அலுத்துப் போனவர்கள் அடுத்த முறை பாலா ஊருக்கு மேற்கே இருக்கும் அரெனிக் வவுருக்குப் போய்ப் பாருங்கள். 854 மீட்டர் உயரம். நான் போனது ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில் வேறு, அப்படியும் காலை ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கியதிலிருந்து கீழே வந்து சேரும்வரை எதிர்ப்பட்டது இரண்டே பேர்தான், மற்றபடி ஆடுகள்.

கிழக்கே ஏரிப் பக்கமாகப் போகும் வழியில் ஏறுங்கள். கேட்டைத் திறந்து மண்பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் ஏரி வந்துவிடும், அதன் பின்னால் கரும்பாறை சுவர் மாதிரி எழுந்து நிற்கும், கரையில் ஒரே அறை கொண்ட சின்னக் கல் வீடு, பூட்டு கிடையாது, நடந்து வருபவர்கள் காசில்லாமல் ராத்தங்கலாம். மேகம் நகர நகர பாறையின் நிறம் சாம்பல், ஊதா, பழுப்பு என்று மாறிக்கொண்டே இருந்தது. ஓவியர் ஜே. டி. இன்னஸ் 1911, 1912இல் இங்கே தங்கி இதே மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார், காசநோயால் 27 வயதிலேயே இறந்துபோனார். அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் அவர் ஏன் இந்த மலையை விடவில்லை என்று புரிந்தது.

குறை என்றால் ஏரிக்கு மேலே இருக்கும் சதுப்பு. பச்சைப் பாசியாகத் தெரியும் இடத்தில் கால் வைத்தால் கணுக்கால்வரை இறங்கிவிடும். வழிகாட்டிப் பலகையும் இல்லை, வரைபடம் கையில் இருக்க வேண்டும்.

உச்சியில் காற்றுக்கு அடக்கமாகக் கற்களை வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள், உள்ளே ஒரு நினைவுப் பலகை. 1943 ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்க பிளையிங் ஃபோர்ட்ரஸ் குண்டுவீச்சு விமானம் ஒன்று இந்த மலையில் மோதி, அதிலிருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். எட்டுப் பெயரையும் வாய்விட்டுப் படித்தேன். பலகையின் அடியில் போரில் இறந்தவர்கள் நினைவாக யாரோ செருகிவைத்த காகித பாப்பிப் பூ மழையில் வெளுத்து, காம்பு மட்டும் பச்சையாக இருந்தது. கொண்டுபோன டீயைக் குடிக்க வெகுநேரம் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் லின் கெலின் நீர்த்தேக்கத்தையும் பார்த்துவிடுங்கள். லிவர்பூலுக்குத் தண்ணீர் கொடுக்க 1965இல் கேப்பல் கெலின் என்ற ஊரையே அதில் மூழ்கடித்தார்கள்.

நிதானமாக ஏறி இறங்க எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை சதுப்புக்காக. மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள்.