பழைய சான்சுய்க்குக் கெப்பாசிட்டர் மாற்றிக் கொடுத்த ரிச்சி தெரு மெக்கானிக்

பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போனால், மூடியைக் கழற்றாமலேயே "எல்லா கண்டென்சரையும் மாத்திடலாம் சார்" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். (கண்டென்சர் என்பதும் கெப்பாசிட்டர் என்பதும் ஒன்றுதான், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்.) சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் இந்தப் பெரியவர் அப்படிச் சொல்லவில்லை. அளந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். அவருடைய வேலைக்கு ஐந்துக்கு நாலரை தருவேன்.

செட் சான்சுய் என்ற ஜப்பான் கம்பெனியின் ஏயூ-317 ஆம்ப்ளிஃபயர். சேனலுக்கு 50 வாட், எழுபதுகளின் பிற்பகுதியில் ஜப்பானில் வந்த மாடல். சித்தப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்தது. இரண்டு கோளாறுகள் இருந்தன. வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் ஸ்பீக்கரில் ஒரு 'ம்ம்ம்' சத்தம் நிற்கவில்லை. இடது பக்கம் பாஸ் வற்றிப்போய், குரல் மட்டும் மேலே மிதந்துகொண்டிருந்தது. இந்த 'ம்ம்ம்' என்கிற ஹம் வால்யூமோடு கூடிக் குறையாவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளையில் இருக்கும் இரண்டு பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களைத்தான். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபயரைத் தாண்டியதும் அது 100 ஹெர்ட்ஸ் அலையாகிறது. அந்த அலையைச் சமன் செய்கிற வேலை இந்த இரண்டு டப்பாக்களுடையது. பாஸ் குறைந்தது வேறு கதை. ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்கு ஒலியைக் கடத்தும் சின்ன கெப்பாசிட்டர்கள் கொள்ளளவு இழந்தால் முதலில் அடிபடுவது கீழ்ச்சுரங்கள்தான்.

இவையெல்லாம் எலக்ட்ரோலிட்டிக் ரகம். அதற்குள் இருப்பது சுருட்டிய அலுமினியத் தாளும், திரவத்தில் நனைத்த காகிதமும். அடியில் ஒரு ரப்பர் அடைப்பு. வருஷக்கணக்கில் அந்த வழியாக ஈரம் வெளியேறி உள்ளே காய்ந்துவிடும். 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த ஒன்று, வெப்பம் பத்து டிகிரி குறையக் குறைய இரட்டிப்புக் காலம் உழைக்கும் என்பது பொதுக் கணக்கு. பெட்டிக்குள் 45 டிகிரி என்று வைத்தால் 32,000 மணி நேரம். தினமும் நாலு மணி நேரம் பாட்டுக் கேட்கிற வீட்டில் சுமார் 22 வருஷம். என் செட் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டது.

பெரியவர் முதலில் ஒரு ரெசிஸ்டரை இரண்டு முனையிலும் வைத்துப் பெரிய கெப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்தார். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் படீரென்று ஷார்ட் பண்ணுகிறவர்களைப் பார்த்துப் பழகியவனுக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. அப்புறம் கெப்பாசிட்டரின் உள் தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, போர்டின் படத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். திரவம் இல்லாத, பிளாஸ்டிக் ஃபிலிமால் ஆன மைலார் கெப்பாசிட்டர்கள் எதிலும் கை வைக்கவில்லை. "இதெல்லாம் நாம போன அப்புறமும் இருக்கும் சார்" என்றார்.

அவர் அதிக நேரம் செலவிட்டது கெப்பாசிட்டரில் இல்லை, பசையில். அந்தக் காலத்து சான்சுய் செட்களில் பெரிய பாகங்கள் ஆடாமல் இருக்க ஒரு பசை ஊற்றியிருப்பார்கள். புதிதில் மஞ்சள் நிறம். சூடுபட்டுச் சூடுபட்டுப் பழுப்பாகும்போது அதுவே கரண்ட்டைக் கடத்த ஆரம்பிக்கும், தொட்டுக்கொண்டிருக்கும் கம்பிகளையும் அரிக்கும். என் செட்டில் ஒரு டையோடின் கால் பச்சைப் பூத்து, நிமிண்டினாலே உதிரும் நிலையில் இருந்தது. கெப்பாசிட்டரை மட்டும் மாற்றி மூடியிருந்தால் கொஞ்ச நாளில் அந்த டையோடு போயிருக்கும், கூடவே வேறு எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போயிருக்குமோ. மூங்கில் குச்சியைச் சீவி, ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். உலோகக் கத்தி வைத்தால் போர்டின் செப்புத் தடம் கீறிவிடுமாம்.

பாகங்கள் விஷயத்தில் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். போலி எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, அறுத்து வைத்த ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். வெளியே பெரிய டப்பா, பிரபலமான ஜப்பான் பெயர், 10,000 மைக்ரோ ஃபாரட் (கொள்ளளவின் அலகு) என்ற அச்சு. உள்ளே சுண்டுவிரல் பருமனில் இன்னொரு கெப்பாசிட்டர், சுற்றிலும் வெற்றிடம். அதனால் மொத்த விற்பனையாளரிடம் பில்லோடு வாங்கிய நிச்சிகானும் பானாசோனிக்கும்தான் போடுகிறார், எல்லாம் 105 டிகிரி ரகம். ஒலி போகும் பாதையில் ஒரு மைக்ரோ ஃபாரட் அளவில் இருந்தவற்றுக்குப் பதில் வீமா கம்பெனியின் சிவப்பு ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டார். அது காய்வதற்கு உள்ளே ஈரமே கிடையாது. ஃபில்டரில் கொள்ளளவை இரண்டு மடங்காக்கச் சொல்லிச் சிலர் கேட்பார்களாம், அவர் மறுத்துவிடுவார். செட்டைப் போடும் நொடியில் காலியான கெப்பாசிட்டர் இழுக்கும் கரண்ட்டை ரெக்டிஃபயரும் ஃபியூஸும்தான் தாங்க வேண்டும். மைக்ரோ ஃபாரட் பழைய அளவிலேயே, தாங்கும் வோல்டேஜ் மட்டும் ஒரு படி மேலே. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

முடித்த பிறகு நேராக பிளக்கில் சொருகவில்லை. செட்டுக்குப் போகும் கரண்ட் தன் வழியாகவே போகும்படி 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்தார். பல்பு பளிச்சென்று எரிந்து, உடனே மங்கியது. உள்ளே ஷார்ட் இருந்தால் அது மங்காமல் எரிந்துகொண்டே இருக்கும். பிறகு பல்பை எடுத்துவிட்டு நேரடியாக பிளக்கில் சொருகி அரை மணி நேரம் சூடாக விட்டு, சர்வீஸ் மேனுவலைப் பார்த்து இரண்டு சேனலுக்கும் பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு கரண்ட்) வைத்தார். ஸ்பீக்கர் முனையில் இருக்கக் கூடாத டி.சி. இடது பக்கம் வெறும் 8 மில்லிவோல்ட், வலது பக்கம் 5. கிளம்பும்போது வோல்டேஜ் செலக்டரை 220-லிருந்து 240-க்குத் திருப்பிவிட்டார். எங்கள் தெருவில் இரவு வேளையில் லைன் 240-ஐத் தொடும். 220-ல் விட்டால் உள்ளே எல்லாமே தேவைக்கு மேல் சூடாகும். இதை நான் கேட்கவே இல்லை, அவராகச் செய்தது.

வீட்டில் வைத்து நான் முதலில் கேட்டது ஒரு நாதஸ்வரக் கச்சேரி இசைத்தட்டு. தவிலின் தொப்பியில் குச்சி விழும்போது வரும் அந்தக் கனத்த அடி இப்போது இரண்டு பக்கமும் சமமாக வருகிறது. முன்பெல்லாம் இடது ஸ்பீக்கரில் வலந்தலையின் விரல் சத்தம் மட்டும்தான் டக் டக்கென்று கேட்கும். ஹம் சுத்தமாக இல்லை; ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால் மெல்லிய இரைச்சல், அவ்வளவுதான். மற்றபடி சிலர் சொல்வது போலக் குரலே புதிதாகிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இந்த செட் முன்பு எப்படிப் பாடியதோ அப்படிப் பாடுகிறது. நான் கேட்டதும் அதைத்தான்.

கூலி 3,500, பாகங்கள் 2,800 ரூபாய். கழற்றிய பழைய கெப்பாசிட்டர்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு, ஒவ்வொன்றின் அளவையும் எழுதிக் கொடுத்தார். மூன்று மாத வாரண்டி, வாய்வார்த்தைதான். ஆனால் ஏதாவது கோளாறு என்றால் அவரிடமே மறுபடி போகலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது.

அரை மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் தாமதம். ஆயுத பூஜைக்குள் என்றவர் தீபாவளி கழித்துத்தான் கொடுத்தார். போன் செய்தால் எடுப்பதில்லை, நேரில்தான் போய் நிற்க வேண்டும். செட் பத்து கிலோவுக்கு மேல் எடை, அந்தச் சந்துக்குள் ஆட்டோ போகாது. மவுண்ட் ரோடு பக்கம் இறங்கி ஆள் வைத்துக் கொண்டுபோங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால்தான் ஆள் இருப்பார், ஞாயிறு விடுமுறை. வால்யூம் கன்ட்ரோலில் இன்னும் லேசான கரகரப்பு இருக்கிறது. பொங்கலுக்கு அப்புறம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.