இருக்கிற பீரங்கியா, வரப்போகிற பீரங்கியா?

நம் ராணுவத் தளபதிகள் ஆண்டுக்கு இரண்டு முறை மாநாடு கூட்டுகிறார்கள். அமெரிக்கத் தரைப்படைக்காக ஒவ்வோர் அக்டோபரிலும் வாஷிங்டனில் பெரிய மாநாடு நடக்கிறது. எங்கே கூடினாலும் இரண்டு சொற்கள் தவறாமல் மேடைக்கு வந்துவிடும்: தயார்நிலை, நவீனமயம். இரண்டும் வேண்டும் என்று தீர்மானம் போடுவது எளிது. ஆனால் பணப்பை ஒன்றுதான். இந்த ஆண்டு குண்டும் உதிரிபாகமும் வாங்கச் செலவழித்த ரூபாயை வைத்துப் புதுப் பீரங்கிக்கு முன்பணம் கட்ட முடியாது. ஆகவே எது முன்னே, எது பின்னே என்று யாராவது முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த வாதத்தை நான் பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையில்தான் முதலில் கேட்டேன். ஒரு பக்கம் என் மாமா. பீரங்கிப் படையில் போஃபர்ஸ் பீரங்கியோடு வாழ்ந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இன்னொரு பக்கம், ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பக்கத்துத் தெரு அண்ணாச்சி.

"குண்டு இல்லாத பீரங்கி வெறும் குழாய்தான் அண்ணாச்சி. முதல்ல குண்டை வாங்கி அடுக்கச் சொல்லுங்க" என்பார் மாமா.

"அது சரிதான் வே. எதிரி ட்ரோன் விடுதான். நீரு பழைய பீரங்கிக்குக் குண்டு அடுக்கிக்கிட்டு இருந்தா, அடுக்கின குண்டு மேலயே வந்து விழும்லா?" என்பார் அண்ணாச்சி.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு என்று எடை போட்டுப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் பக்கம். இன்றைக்கு ராத்திரி கிளம்பு என்றால் கிளம்ப முடிய வேண்டும், அதுதான் தயார்நிலை. வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும், ஆள் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், தேய்ந்த பாகத்துக்கு மாற்று கிடங்கில் இருக்க வேண்டும், குண்டு போதுமான நாளைக்கு வர வேண்டும். இதில் குண்டுக் கணக்குதான் பலரும் கவனிக்காதது. கடும் போர் வந்தால் 40 நாளைக்குத் தாங்கும் இருப்பு வேண்டும் என்பது நம் ராணுவம் தனக்கு வைத்திருந்த அளவுகோல். குறைந்தபட்சம் 20 நாளாவது வேண்டும். 2017-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை, ஆய்வு செய்த 152 வகைக் குண்டுகளில் 40 சதவீதம் பத்து நாளைக்குக்கூடத் தாங்காது என்றது. டாங்கியும் பீரங்கியும் வரிசையாக நின்றிருக்கும், பதினோராம் நாள் சுடுவதற்கு ஒன்றும் இருக்காது. படிக்கும்போதே அடிவயிறு கலங்கிய அறிக்கை அது.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. உக்ரைனுக்கு ஓராண்டுக்குள் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் வாக்குக் கொடுத்தது. கெடு முடிந்தபோது ஏறக்குறைய பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. உலகத்திலேயே நவீனமான போர் விமானங்களைச் செய்யும் நாடுகளால், நூறாண்டுப் பழக்கமுள்ள இரும்புக் குண்டைப் போதிய அளவில் செய்து தள்ள முடியவில்லை. ஆலையைச் சுருக்கிவிட்டால், அவசரத்துக்கு அதை விரிக்க முடியாது.

1999-ல் மாமா திராஸ் பக்கம் இருந்தார். கார்கில் போரில் நம் பீரங்கிகள் சுமார் 2.5 லட்சம் குண்டுகள் சுட்டன. அவற்றில் தன் கைபட்டவை எத்தனை என்று மாமாவுக்குக் கணக்குத் தெரியாது. ஒரு குண்டு ஏறக்குறைய 43 கிலோ. போஃபர்ஸ் பதினான்கு விநாடிக்குள் மூன்று குண்டு சுடும் என்று புத்தகத்தில் இருக்கும். அந்தப் பதினான்கு விநாடியில் குண்டை ஏந்தி நிற்பவன் ஒரு மனிதன். மாமா இன்றைக்கும் அரிசி மூட்டை தூக்கும்போது இடது முன்கையை அடியில் கொடுத்து, வலது உள்ளங்கையைப் பின்னால் வைத்துத்தான் தூக்குவார். அத்தை கேலி செய்வார்கள். மலைக்காற்றில், விரல் மரத்துப்போன நிலையில், கை தானாக அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றால் ஆயிரம் முறை பழகியிருக்க வேண்டும் என்பார் மாமா. பயிற்சிக்குக் குண்டு கொடுக்காமல் அந்தப் பழக்கம் வராது.

அந்தப் போரில் இன்னொரு பாடமும் இருந்தது. 1986-ல் 410 போஃபர்ஸ் பீரங்கிகள் வாங்கினோம். ஊழல் புகாரில் அந்த நிறுவனத்தோடு உறவு முறிந்ததும், உதிரிபாகம் வரும் வழி அடைபட்டது. அதற்கப்புறம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெரிய பீரங்கி எதுவும் படையில் சேரவில்லை. 2018-ல்தான் எம்777-ம் கே9 வஜ்ராவும் வந்தன. ஒரு புகாரின் பயத்தில் ஒரு தலைமுறை வீரர்கள் பழைய பீரங்கியோடு ஓய்வு பெற்றுவிட்டார்கள், மாமாவையும் சேர்த்து.

தயார்நிலையின் அருமையை நாங்கள் போர் இல்லாமலும் பார்த்தோம். 2023 டிசம்பர் 17, 18-ல் வானம் பிளந்து கொட்டியபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு மாட்டிக்கொண்டது. திருநெல்வேலி ஜங்ஷனில் கடைகளுக்குள் தண்ணீர். ராணுவமும் விமானப் படையும் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. அன்றைக்கு வேண்டியிருந்தது பறக்கத் தயாராக நின்ற ஹெலிகாப்டரும், காற்று இறங்காத ரப்பர் படகும், கயிற்றில் இறங்கத் தெரிந்த ஆளும்தான். அடுத்த ஐந்தாண்டில் வரப்போகிற எந்தக் கருவியும் அந்த ரயிலுக்கு உதவியிருக்காது.

சரி, இப்போது அண்ணாச்சியின் பக்கம்.

1962-ல் நம் ஜவான்கள் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துச் சுடும் 303 ரைஃபிளோடு சீனர்களின் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்றார்கள். துணிவில் குறை சொல்ல எவராலும் முடியாது. ஆனால் துணிவு எத்தனை விநாடி தாங்கும்? 2020-ல் நகோர்னோ கராபாக்கில் 44 நாள் நடந்த போரைப் பாருங்கள். ஆர்மீனியாவிடம் டாங்கி இருந்தது, பீரங்கி இருந்தது, மலையில் பதுங்குகுழி இருந்தது. அஜர்பைஜானின் ட்ரோன்கள் மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடித்தன. பழைய போருக்கு முழுத் தயார்நிலையில் இருப்பது, புதுப் போரில் தோற்பதற்கு வழி.

நம் நிலைமையை 2018 மார்ச்சில் அன்றைய துணைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த் நாடாளுமன்ற நிலைக்குழு முன்னால் ஒளிக்காமல் சொன்னார். கையிலிருக்கும் ஆயுதங்களில் 68 சதவீதம் காலம் கடந்தவை, 24 சதவீதம் நடப்புக்காலத்தவை, 8 சதவீதம்தான் அதிநவீனம். மூன்றில் ஒரு பங்கு வீதம் இருக்க வேண்டும் என்பது இலக்கு. அந்த ஆண்டு நவீனமயத்துக்கு ஒதுக்கியது 21,338 கோடி ரூபாய். ஏற்கனவே கையெழுத்தான 125 திட்டங்களுக்குக் கட்ட வேண்டிய தவணையோ 29,033 கோடி. பழைய கடனுக்கே போதாத சம்பளத்தில் புதுச் சாமான் எங்கே வாங்குவது? இது மத்தியதரக் குடும்பம் எதற்கும் புரிகிற கணக்கு.

ஆனால் அண்ணாச்சி தன் பக்கத்துப் பலவீனத்தையும் அவரே சொல்வார். அர்ஜுன் டாங்கிக்கு 1974-ல் அனுமதி. முதல் டாங்கிகள் படையின் கைக்குப் போனது 2004-ல். "முப்பது வருசம் வே. வரைபடம் போட்டவன் மகன் வேலைக்கு வந்துட்டான்" என்பார். அமெரிக்கர்களும் தப்பவில்லை. எதிர்காலப் போர் அமைப்பு என்று ஒரு மாபெரும் திட்டத்தில் 1,800 கோடி டாலருக்கு மேல் கொட்டிவிட்டு 2009-ல் கைவிட்டார்கள். தயார்நிலைக்குக் கொடுத்த ரூபாய் ஆறு மாதத்தில் பலன் தரும். நவீனமயத்துக்குக் கொடுத்தது எப்போது பலன் தரும், தருமா என்பதே நிச்சயம் இல்லை. அந்தக் காலதாமதம்தான் இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, விலையைவிடப் பெரியது.

இறக்குமதியா, உள்நாட்டுத் தயாரிப்பா என்ற கேள்வியை நான் நீட்டப்போவதில்லை. போஃபர்ஸ் உதிரிபாகம் நின்றுபோன கதையே அதற்குப் பதில். ஒரு வருத்தத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் ராணுவத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என ஐந்து மையங்கள். திருச்சிக்குத் தெற்கே ஒன்றும் இல்லை. நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசும் கடற்படை நிலையத்தை விஜயநாராயணத்தில் 1990 முதல் வைத்திருக்கும் மாவட்டம் இது. ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியும் இங்கேதான். இந்தப் பிள்ளைகளுக்குக் கடைசல் பட்டறை வேலைக்குக்கூட ஓசூருக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் காட்டும் சாட்சி நம் மண்ணிலேயே இருக்கிறது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துத் தள்ளப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே மண்ணால் மறுபடி எழுப்பினார். மார்ச் 31-ல் கம்பெனிப் படை மோதிப் பார்த்து, பெரிய இழப்போடு பின்வாங்கியது. ஆள் தயார், மதில் தயார், வேல் தயார். அப்புறம் கூடுதல் படையும் கனரகப் பீரங்கிகளும் வந்தன. மே 24-ல் கோட்டை விழுந்தது. தயார்நிலை ஏறக்குறைய இரண்டு மாதம் வாங்கிக் கொடுத்தது. எதிரியின் பீரங்கிக்குச் சமமான பீரங்கி இல்லாததால் மூன்றாவது மாதம் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவே ஒரு மூன்றாவது வழி இருக்கிறது. என் மனம் அங்கேதான் நிற்கிறது. எல்-70 என்ற 40 மில்லிமீட்டர் விமான எதிர்ப்பு பீரங்கி ஸ்வீடன் வடிவமைப்பு, 1960-களில் நம் படைக்கு வந்தது. வயதைப் பார்த்தால் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அதன் குழாயை அப்படியே வைத்துக்கொண்டு, இலக்கைப் பின்தொடரும் மின்னணுக் கண்ணையும் தானாகத் திரும்பும் மோட்டாரையும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொருத்தியது. 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூருக்குப் பிந்தைய இரவுகளில் எல்லை தாண்டி வந்த ட்ரோன்களை வீழ்த்தியவற்றில் இந்தப் பீரங்கியும் உண்டு. மலிவான ட்ரோனுக்கு விலையுயர்ந்த ஏவுகணையை வீணாக்காமல், நிமிடத்துக்குச் சுமார் 300 குண்டு துப்பும் பழைய குழாயே வேலையை முடித்தது. மாமா டிவியில் அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அண்ணாச்சிக்கு உடனே போன். "கண்ணு புதுசு, கை பழசு அண்ணாச்சி. கைக்குக் குண்டும் இருந்துச்சு" என்றார். அந்த ஒரு வரியில் அவர்கள் இருவரின் பத்தாண்டு வாதமும் இருந்தது.

ஆளைப் பற்றிய ஒப்பீடு இன்னும் சிக்கலானது. 2022 ஜூன் 14-ல் அறிவித்த அக்னிபத் திட்டம் நான்காண்டுப் பணி, அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரை நிரந்தரம் என்றது. மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய், ஓய்வூதியம் கிடையாது. அரசின் தரப்பு நியாயம் தெரிகிறது. 2025-26 பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடியில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. புதுச் சாதனம் உள்ளிட்ட மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. படையின் சராசரி வயதும் 32-லிருந்து 26-க்கு இறங்கும் என்றார்கள். மலையேற இளம் முழங்கால் வேண்டும், உண்மைதான். ஆனால் அந்த எல்-70-ன் புதுக் கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு அனுபவம் வேண்டாமா? ட்ரோனையும் பறவையையும் திரையில் பிரித்தறியும் கை, நான்காம் ஆண்டில்தான் பதமாகும். பதமானதும் முக்கால்வாசிப் பேரை அனுப்பிவிடுவது பயிற்சிக்குச் செலவழித்த பணத்தைத் தாமிரபரணியில் விடுவதுபோல்தான் எனக்குப் படுகிறது. காலாட்படைக்கு 25 என்றால், பீரங்கி, ரேடார், சிக்னல் பிரிவுகளில் பாதிப் பேரையாவது நிறுத்திக்கொள்ள வேண்டும்.

என் கையில் ஒரு ரூபாய் கொடுத்தால் இப்படித்தான் பிரிப்பேன். முதல் ஐம்பது பைசா குண்டுக்கும் உதிரிபாகத்துக்கும் பயிற்சிக்கும். அடுத்த முப்பது பைசா, இருக்கிற பீரங்கிக்கும் டாங்கிக்கும் புதுக் கண் பொருத்தவும், கூடவே ட்ரோனுக்கும். மீதி இருபதில்தான் அடியோடு புதிய ஆயுதம். அண்ணாச்சி இருபது போதாது என்கிறார். கெடு தவறாமல் செய்து கொடுத்தால் முப்பதாக்கலாம் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த விடிகாலையில் எங்கள் தெருப் பையன் மைதானத்திலிருந்து மூச்சிரைக்க வந்தான். அக்னிவீர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான், அடுத்தது உடல்தகுதி. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண் 60. மாமா அவனுக்காகவே ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்திருக்கிறார்.

"எவ்வளவு மாமா?"

"அஞ்சு நாப்பது. இன்னும் பத்து செகண்டு இருக்குலே. தண்ணியக் குடிச்சிட்டு வா, நாளைக்கு நானும் மைதானத்துக்கு வாரேன்."