மீத்தேனிலிருந்து மெத்தனால்: நீராவி வழியா, மின்வேதி வழியா?

எண்ணெய்க் கிணறுகளில் வீணாக எரிக்கப்படும் மீத்தேனை மெத்தனால் என்னும் திரவமாக மாற்ற நினைப்போருக்கு இரு வழிகள் உள்ளன: மீத்தேனை நீராவியோடு வினைபுரியவைப்பது நீராவி வழி; மின்கலத்தில் மின்சாரம் செலுத்தி அதை ஆக்சிஜனேற்றுவது மின்வேதி வழி.

வெப்பம்: நீராவி வழியில் நிக்கல் வினையூக்கியின் மேல் 800 பாகை செல்சியசுக்கும் கூடுதலான வெப்பத்தில் கிடைக்கும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் கலவை, 50 முதல் 100 பார் அழுத்தத்தில் செம்பு வினையூக்கியால் மெத்தனாலாகிறது; மின்கலத்துக்கோ பெரும்பாலும் அறை வெப்பநிலையே போதும்.

விளைச்சல்: இங்குதான் மின்வேதி வழி இடறுகிறது. மீத்தேன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். அதன் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு 439 கிலோஜூல் வேண்டியிருக்க, உருவாகும் மெத்தனாலின் பிணைப்போ அதனினும் தளர்ந்தது என்பதால், ஆக்சிஜனேற்றம் மெத்தனாலோடு நில்லாமல் கார்பன் டைஆக்சைடு வரை சென்றுவிடுகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

செலவு: நீராவி ஆலை பெரிதாக இருந்தால்தான் கட்டுப்படியாகும், மின்கலத்தைச் சிறிதாகவும் அமைக்கலாம்.

எரிவாயு குழாய்வழியே தடையின்றி வரும் இடங்களுக்கு இன்று நீராவி வழியே தகும். மலிவான மின்சாரம் கிடைக்கும் ஒதுக்குப்புறக் கிணறுகளுக்கு மின்வேதி வழி பொருந்தும், ஆனால் அது முதலில் ஆய்வகத்தை விட்டு வெளியே வரவேண்டும்.