உயரம் மாற்றக்கூடிய பியானோ வாங்கு (இருக்கை): ஆறு மாதப் பயன்பாட்டின் பின்

கல்லடியில் உள்ள எங்கள் வீட்டில், 88 கட்டைகள் கொண்ட மின்பியானோவின் முன்னால் சாப்பாட்டு மேசைக் கதிரையைப் போட்டே இரண்டு வருடங்கள் பயிற்சி செய்தேன். கதிரை தாழ்வாக இருந்ததால் முழங்கை கட்டைகளின் மட்டத்திற்குக் கீழே நின்றது. அதை ஈடுசெய்யத் தோளை உயர்த்தி, மணிக்கட்டை வளைத்து வாசித்ததில், அரை மணி நேரத்திற்குள் முன்கை எரியத் தொடங்கிவிடும்.

புளியந்தீவில் உள்ள கடையொன்றில் எடுத்த இந்த மடக்கு வாங்கில் உட்கார்ந்தபோது, முழங்கை கட்டைகளின் மட்டத்திற்கு வந்து, முன்கை ஏறத்தாழக் கிடையாக நின்றது. தோள் தானாகவே இறங்கிவிட்டது. ஒரு குறை, உயரத்திற்கு மூன்றே படிகள்தான் உண்டு. எனக்கு வேண்டிய உயரம் இரண்டு படிகளுக்கு இடையில் அமைந்ததால், பன்பாய் ஒன்றை நான்காக மடித்துப் போட்டிருக்கிறேன். மகளுக்குக் கால் நிலத்தில் எட்டாததால் பலகைக்கட்டை ஒன்றும் தேவைப்பட்டது. கடற்காற்றில் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன. கடைக்காரரோ அது உத்தரவாதத்திற்குள் அடங்காது என்றார்.

வாங்கு நல்லது என்பதற்காக வலியோடு வாசிக்கக் கூடாது. பெரும் இசையமைப்பாளரான ராபர்ட் சூமானே 1830களின் தொடக்கத்தில் வலக்கை விரல் பழுதாகி, மேடைப் பியானோக் கலைஞராகும் எண்ணத்தைக் கைவிட்டவர். நான் இப்போது 25 நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து, கைகளைத் தொங்கவிட்டு முற்றத்தில் நடக்கிறேன்.

வளர்ந்தவர்களுக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். சிறுபிள்ளைகளுக்கெனில், திருகி உயர்த்தும் வகையைத் தேடுங்கள்.