குழாயா, விரிந்த இறக்கையா? நான் ஏன் இன்னும் குழாய் பக்கம்

மூன்றாம் ஆண்டு ஏர்கிராஃப்ட் டிசைன் ப்ராஜெக்டில் எங்கள் நாலு பேருக்கு வந்தது 250 இருக்கை கொண்ட நெடுந்தூரப் பயணிகள் விமானம். வழக்கமான குழாய் உடலும் இறக்கையுமா, அல்லது உடலே இறக்கையாக விரியும் பிளெண்டட் விங்கா என்று இரண்டு வாரம் சண்டை போட்டோம். பிளெண்டட் விங்குக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான்தான். கடைசியில் குழாயை எடுத்தோம், எடுக்க வைத்ததும் நான் போட்ட கணக்குதான். இப்போது பிளெண்டட் விங் விமானம் கட்டும் அமெரிக்க நிறுவனமான ஜெட்ஜீரோ பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் "பார்த்தியா, அவசரப்பட்டுட்டியே" என்று மற்ற மூவரும் வாருகிறார்கள். அதனால் என் பக்கத்தை எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

காற்றியலில் பிளெண்டட் விங் ஜெயிக்கிறது, அதில் வாதமே இல்லை. குழாய் ஆட்களைச் சுமக்கும், தூக்குவிசைக்குப் பெரிதாக எதுவும் தராது, ஆனால் காற்றில் உரசுவதற்கு மட்டும் ஊர்ப்பட்ட மேல்தோல் அதற்கு உண்டு. உடலையே இறக்கையாக்கினால் அந்தத் தோல் கணிசமாகக் குறைகிறது. மெக்டொனல் டக்ளஸில் ராபர்ட் லீபெக் குழு தொடங்கி, 1997 இணைப்புக்குப் பிறகு போயிங்கில் தொடர்ந்த ஆய்வில், 800 பேர், 7000 நாட்டிகல் மைல் என்று வைத்துப் பார்த்தபோது, அதே காலத்து எஞ்சின் போட்ட குழாய் விமானத்தைவிட எரிபொருள் 27 சதவீதம் குறைந்தது. பறக்குமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. சுமார் ஆறு மீட்டர் இறக்கை விரிப்பு (நுனிக்கு நுனி அகலம்) கொண்ட ஆளில்லாச் சோதனை விமானம் எக்ஸ்-48பி 2007 ஜூலையில் கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் கிளம்பியது, அதுவும் அதன் தம்பி எக்ஸ்-48சியும் சேர்ந்து 2013 ஏப்ரலுக்குள் 120 தடவைக்கு மேல் பறந்தன. ஏர்பஸ்ஸும் 2019-இல் மாவெரிக் என்று ஒரு சின்ன மாதிரியைப் பறக்கவிட்டது. இப்போது களத்தில் இருப்பது ஜெட்ஜீரோ. 2023-இல் அமெரிக்க விமானப்படை 235 மில்லியன் டாலர் ஒதுக்கியது, முழு அளவு சோதனை விமானம் 2027-இல் பறக்க வேண்டும் என்பது திட்டம். 250 பேர் பயணிக்கும் தங்கள் ஸீ4 விமானம் பாதி எரிபொருளில் ஓடும் என்று சொல்கிறார்கள். பாதி என்றால் எந்த விமானத்தோடு ஒப்பிட்டு என்பதை முதலில் கேளுங்கள், போயிங்கின் பழைய 767-உம் இன்றைய 787-உம் ஒன்றல்ல.

பிளெண்டட் விங்குக்கு நீளமான வால் கிடையாது, அதன் தொல்லையை நான் கையாலேயே பார்த்திருக்கிறேன். டெப்ரான் என்ற லேசான நுரை ஷீட்டில் இரண்டு வடிவத்தையும் வெட்டிப் பறக்கவிட்டோம். குழாய் மாதிரியில் பேட்டரியை ஒரு விரல்கடை முன்னே பின்னே நகர்த்தினாலும் அது கண்டுகொள்ளாது. பிளெண்டட் விங்கில் அதே ஒரு விரல்கடை பின்னால் போனதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் யோசிப்பது போல நின்று, மைதானத்தின் ஓரத்தில் இருந்த வேலியில் போய் விழுந்தது. பெரிய விமானத்தில் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், சரி. ஆனால் நீளமான வால் தரும் நெம்புகோல் இல்லாததால் பெரிய ஃபிளாப் (தரையிறங்கும்போது தூக்குவிசையைக் கூட்ட இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடல்) போட முடியாது, ஓடுபாதையில் மூக்கைத் தூக்குவதும் சிரமம். ஜெட்ஜீரோ இதற்கென்றே மூக்கை உயர்த்தித் தரும் லேண்டிங் கியர் ஒன்றை வடிவமைத்திருக்கிறது.

அடுத்தது கேபின் அழுத்தம். கேஸ் சிலிண்டர் ஏன் உருண்டையாக இருக்கிறது, சதுர எண்ணெய் டின்னுக்குள் காற்றடித்தால் ஏன் புடைக்கிறது என்று யோசித்தாலே விஷயம் புரிந்துவிடும். உயரத்தில் கேபின் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் ஆறு டன் விசை வெளியே தள்ளுகிறது. வட்டக் குழாயில் அது வெறும் இழுவிசையாகப் போய்விடும், தட்டையான கூரையில் வளைக்கப் பார்க்கும். கார்பன் துணியைத் தையல் போட்டு இறுக்கும் ஒரு முறையை போயிங்கும் நாசாவும் உருவாக்கி, 30 அடி அகல மாதிரியை 2015-இல் நாசாவின் லாங்லி மையத்தில் சோதித்தார்கள். அதனால் இது முடியாத காரியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

90 வினாடியில், பாதிக் கதவுகள் வழியாக எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற விதியைத்தான் பலரும் பெரிய தடையாகச் சொல்கிறார்கள். ஏர்பஸ்ஸின் இரட்டை மாடி ஏ380-இல் 873 பேர் 78 வினாடியில் இறங்கிக் காட்டினார்கள், அகலக் கேபினுக்கும் யாராவது வழி கண்டுபிடிப்பார்கள். ஜன்னல் குறைவு என்பதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை. ஓரத்து இருக்கை மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. நடுக்கோட்டிலிருந்து 8 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரை, விமானம் 25 டிகிரி சாயும்போது சுமார் 3.4 மீட்டர் மேலேயோ கீழேயோ கொண்டுபோகும், அதாவது ஒரு மாடி உயரம். 787-இல் ஜன்னலோரத்தில் இருப்பவருக்கு ஒரு மீட்டர் சொச்சம்தான்.

என் மனசை மாற்றியது இவை எதுவும் இல்லை. முதல் ரிவ்யூவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என் பிளெண்டட் விங் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நல்லாருக்குப்பா. ஏர்லைன்காரன் வந்து இதையே 310 சீட்டா குடுன்னு கேட்டா என்ன பண்ணுவ?"

"வேற டிசைன் பண்ணணும் சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

குழாய்க்காரனுக்கு இந்தக் கேள்வி ஒரு பொருட்டே இல்லை. ஏ320-ஐ ஏ321 ஆக்க இறக்கைக்கு முன்னே 4.27 மீட்டர், பின்னே 2.67 மீட்டர் சேர்த்தார்கள், விமானம் ஏறக்குறைய ஏழு மீட்டர் நீண்டது. 787-8 சுமார் ஆறு மீட்டர் நீண்டு 787-9 ஆனது, இன்னும் ஐந்தரை மீட்டர் நீண்டு 787-10. மூன்றுக்கும் இறக்கை விரிப்பு 60 மீட்டர்தான். 737 கதை இன்னும் வேடிக்கை. 1967-இல் 28.65 மீட்டர் நீளத்தில் பறந்த அதே அகலக் குழாய் இன்று மேக்ஸ் 10-இல் 43.8 மீட்டர். ஒரே தலைமுறைக்குள் அதே காக்பிட், அதே பைலட் பயிற்சி, அதே உதிரிபாகக் கிடங்கு. ஏர்லைன் வாங்குவது ஒரு விமானத்தை அல்ல, ஒரு குடும்பத்தை. இருபது வருஷம் ஓடிக் களைத்த பிறகு இடதுபுறம் பெரிய கதவு வெட்டி, தளத்தைப் பலப்படுத்திச் சரக்கு விமானமாக்கி விற்றும்விடலாம். வளரவேண்டியது வளராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஏ380-ஐப் பாருங்கள். இன்னும் பெரிய வடிவத்தையும் மனதில் வைத்து வெட்டிய இறக்கை, அந்தப் பெரிய வடிவம் வரவே இல்லை, முதல் வடிவம் கடைசிவரை அந்த எடையைச் சுமந்தது. 251 விமானத்தோடு 2021-இல் கடையைக் கட்டிவிட்டார்கள்.

பிளெண்டட் விங்கை நீளவாக்கில் இழுக்க முடியாது, இழுத்தால் இறக்கையின் வடிவமே மாறிப்போகும். லீபெக் குழுவிடம் இதற்கு ஓர் அழகான பதில் இருந்தது: பக்கவாட்டில் வளர்த்துங்கள். நடுவில் கேபினின் நீளவாக்குப் பகுதியாக ஓர் அறை சேருங்கள், வெளி இறக்கையும் காக்பிட்டும் அப்படியே இருக்கட்டும், ஆட்கள் கூடும்போது இறக்கைப் பரப்பும் தானாகக் கூடும். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, எக்ஸாமினருக்கு பதில் கிடைத்துவிட்டது என்று. மறுநாள் உட்கார்ந்து எங்கள் படத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கள் அறை 3.5 மீட்டர் அகலம், ஆரம்ப விரிப்பு 60. ஓர் அறை சேர்த்தால் 63.5, இரண்டு சேர்த்தால் 67. உலகத்து விமான நிலையங்களில் பெரிய விமானங்கள் நிற்கும் கேட்டுகளில் பெரும்பாலானவை, இறக்கை விரிப்பு 65 மீட்டருக்குள் என்ற கணக்கில் கட்டியவை. அந்த எல்லைக்குள் நிற்பதற்காகவே போயிங் 777எக்ஸுக்கு மடியும் இறக்கை நுனி போட்டது. மூன்றரை வரிசை கூட்டு, இரண்டு வரிசை குறை என்று ஏர்லைனோடு பேரம் பேசவும் முடியாது, வந்தால் முழு அறை, ஒரேயடியாக அறுபது இருக்கை. ஒவ்வொரு அகலத்துக்கும் கட்டுப்பாட்டுப் பரப்புகள், கேபின் அழுத்தம், வெளியேறும் வழி எல்லாவற்றையும் திரும்ப நிரூபிக்க வேண்டும். தம்பி பெயரில் வருவது புது விமானம்தான்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பக்கவாட்டு வளர்ச்சியை இதுவரை யாரும் உலோகத்திலோ கார்பனிலோ செய்து பார்க்கவில்லை, என் கணக்கும் மாணவன் போட்ட காகிதக் கணக்குதான். குத்தகை, மறுவிற்பனை பக்கம் எனக்கு வேலை அனுபவமும் கிடையாது. விமானப்படைக்கு இந்தக் கவலையே பெரிதாக இல்லை. வானிலேயே எரிபொருள் நிரப்பும் டேங்கரோ சரக்கு விமானமோ ஒரே அளவில் வாங்கி நாற்பது வருஷம் ஓட்டுவார்கள், ஜன்னலோ ஓரத்து இருக்கையோ அங்கே பிரச்சினை இல்லை. முதலில் பணம் வந்தது அந்தப் பக்கத்திலிருந்து என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. யுனைடெட் ஏர்லைன்ஸும் 2025-இல் 100 ஸீ4 வரை வாங்கலாம் என்று நிபந்தனையோடு கை நீட்டியிருக்கிறது. அந்த நிபந்தனை என்ற சொல்லைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன்.

ஆக, 250 பேர் கொண்ட பயணிகள் விமானத்தை இன்று மறுபடி வரையச் சொன்னாலும் குழாயைத்தான் வரைவேன். சோதனை விமானம் பறக்கும்போது எரிபொருள் எவ்வளவு மிச்சமானது என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் காத்திருப்பது அவர்கள் வெளியிடும் இரண்டாவது அளவின் படத்துக்கு, அதில் இறக்கை விரிப்பு எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வரிக்கு.