மூன்று வருடமாக நான் பார்த்துவரும் சிபியூ வோல்டேஜ் எண்கள்

இந்த டெஸ்க்டாப்பில் ஏஎம்டியின் ரைசன் 5600எக்ஸ் பிராசஸர் (சிபியூ) போட்டு மூன்று வருடம் ஆகிறது. முதல் மாதமே என் தூக்கத்தைக் கெடுத்தது வோல்டேஜ் அளவுதான். கண்காணிப்பு நிரலைத் திறந்தேன். ஒரு வேலையும் ஓடாத நேரத்தில் பிராசஸர் வோல்டேஜ் 1.45. அதே திரையில் 12 வோல்ட் என்று இருக்க வேண்டிய வரியில் 7.9. பயந்துபோய் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) நுழைந்து பிராசஸர் வோல்டேஜை 0.1 குறைத்தேன். இரண்டே நாளில் கணினி சும்மா இருக்கும்போதே உறைய ஆரம்பித்தது. நான் செய்த பெரிய தவறு அதுதான். எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அமைப்பில் கை வைத்துவிட்டேன்.

முதலில் 7.9. பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ட் உண்மையிலேயே அந்த அளவுக்கு இறங்கியிருந்தால் கணினி ஆன் ஆகியே இருக்காது. மதர்போர்டில் இருக்கும் சூப்பர் ஐ/ஓ சிப்தான் இதையெல்லாம் அளக்கிறது. அந்தச் சிப்பால் சில வோல்ட் வரைதான் நேரடியாக அளக்க முடியும். எனவே இரண்டு ரெசிஸ்டர்கள் வைத்து 12 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். நிரல் அதைத் திரும்பப் பெருக்கிக் காட்ட வேண்டும். பெருக்கும் எண் போர்டுக்குப் போர்டு மாறும். நிரலுக்கு என் போர்டின் விகிதம் தெரியவில்லை, அவ்வளவுதான். பவர் சப்ளையிலிருந்து வந்து காலியாக இருந்த மோலெக்ஸ் கனெக்டரின் மஞ்சள் (12 வோல்ட்), கறுப்பு (கிரவுண்ட்) முனைகளில் மல்டிமீட்டர் வைத்தேன்: 12.1. பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 11.4 முதல் 12.6 வரை சரி. லினக்ஸிலும் இதே கோளாறு வந்தது. எல்எம்-சென்சார்ஸ் என்ற கண்காணிப்பு நிரலின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்ததும் தீர்ந்தது.

சிபியூ வோல்டேஜ்தான் அதிக நாள் எடுத்தது. லோட், அதாவது கனமான வேலை, கொடுத்துப் பார்த்தால், ஒரே நிரலில் ஒரு வரி 1.296, இன்னொரு வரி 1.22. எது பொய்? கேபினெட்டின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, சாக்கெட்டுக்குப் பின்னால் தெரிந்த சோக்கின் (பிராசஸருக்கு மின்சாரம் போகும் வழியில் இருக்கும் கம்பிச்சுருள்) சாலிடர் புள்ளியில் மீட்டரின் சிவப்பு முனையை வைத்தேன். கறுப்பு முனை கேபினெட் ஸ்க்ரூவில். முனை அரை மில்லிமீட்டர் நழுவினாலும் பக்கத்துப் புள்ளியைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். 1.30 காட்டியது. பழக்கமில்லாதவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம்.

இரண்டும் பொய்யில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. 1.296 என்பது சூப்பர் ஐ/ஓ சாக்கெட்டுக்கு வெளியே அளப்பது. 1.22 என்பது எஸ்விஐ2 டிஎஃப்என் என்ற பெயரில் வருவது. பிராசஸருக்கு உள்ளே போய்ச் சேரும் வோல்டேஜுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். நடுவில் இருக்கும் பாதைக்கும் மின்தடை உண்டு. ஒரு மில்லி ஓம் என்றாலும் 70 ஆம்பியர் ஓடினால் 0.07 வோல்ட் போய்விடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சில சிப்கள் 0.016 வோல்ட் படிகளில்தான் அளக்கும். 1.280, 1.296 என்று தாவுவதை ஏற்ற இறக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, சும்மா இருக்கும்போது வந்த 1.45? ரைசனில் அது இயல்பு. பிராசஸருக்குள் இருக்கும் கணக்கிடும் பகுதிகளில் (கோர்) ஒரே ஒரு கோர் ஒரு கணம் உச்ச வேகத்துக்குப் போகும்போது அவ்வளவு கேட்கும். கரண்ட் குறைவாக இருப்பதால் ஆபத்தில்லை. நிரல் அரை நொடிக்கு ஒருமுறை படித்தால் அந்தப் படிப்பே தூங்கும் கோரை எழுப்பிவிடும். இரண்டு நொடி இடைவெளி வைத்ததும் சராசரி நன்றாகவே இறங்கியது.

எப்போதாவது 2 வோல்ட்டுக்கு மேல் ஒரு தாவல் பதிவாகிக் கொண்டிருந்தது. மின்விசிறி வேகத்துக்கு ஒரு நிரல், வோல்டேஜுக்கு இன்னொன்று என்று இரண்டு ஓடின. இரண்டும் ஒரே நேரத்தில் அதே சிப்பைப் படித்தால் பதில்கள் குழம்பும். ஒன்றை நீக்கினேன், இரண்டு வருடமாக அந்தத் தாவல் ஒருமுறைகூட வரவில்லை.

இப்போது ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு நிரலை மட்டும் வைத்திருக்கிறேன். பயாஸில் வோல்டேஜ் ஆட்டோவிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகும் முழு லோடில் டிஎஃப்என் வரியை மட்டும் குறித்து வைக்கிறேன். இணைப்பே இல்லாத முனைகளின் அளவாகத் தெரிந்த மூன்று வரிகளை மறைத்துவிட்டேன்.